ஜூ டவுனில் நினைவைத் தீட்டியவர்கள்: 1968இன் பத்து ஓவியங்களும் இன்றைய கலப்பு ஊடகக் கலையும்

(நீண்ட பதிவு. மொழியியல், கல்வெட்டியல், கலைவரலாறு பயிலும் மாணவர்களை எண்ணி எழுதியது.)

மட்டாஞ்சேரி ஜூ டவுனின் வடகோடியில் நிற்கும் பரதேசிப் பள்ளிக்குள் செல்வோர், தொழுகைக் கூடத்தை அடையுமுன் பத்து ஓவியங்கள் தொங்கும் ஓர் அறையைக் காண்பர். 1568இல் கட்டப்பெற்ற அப்பள்ளியின் நானூறாம் ஆண்டு விழா 1968 டிசம்பரில் நடைபெற்றது. பிரதமர் இந்திரா காந்தி விழாவில் கலந்துகொண்டார். இந்திய அஞ்சல் துறை ஓர் அஞ்சல்தலையும் வெளியிட்டது. அவ்விழாவையொட்டி எஸ். எஸ். கிருஷ்ணா என்னும் ஓவியர் தீட்டியவையே அப்பத்து ஓவியங்கள். சாலமோன் காலத்து வணிகம், எருசலேம் ஆலயத்தின் அழிவு, கொடுங்கல்லூர்க் கரையில் யூதர் வந்திறங்குதல், அரசன் செப்பேடு வழங்குதல், கொடுங்கல்லூரின் வீழ்ச்சி, கொச்சி மன்னரின் ஆதரவில் பள்ளி எழும்புதல் என அவற்றில் காட்சிகள் அமைந்துள்ளன. சுற்றுலாப் பயணியர் பெரும்பாலோர் கொச்சி யூதரின் வரலாற்றை முதலில் அறிவது இவ்வோவியங்களின் வழியாகத்தான்.

இவற்றைக் கலைநயம் கொண்டு மதிப்பிடுவது இப்பதிவின் நோக்கமன்று. ஒரு சமூகம் தன் நினைவை ஓவியனிடம் ஒப்படைக்கும்போது எதைத் தருகிறது, எதைத் தராமல் விடுகிறது என்பதே இங்கு எழுப்பப்படும் வினா. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் கொச்சியில் காட்சிப்படுத்தப்பெற்ற கலப்பு ஊடகப் படைப்புகள் சில, இவ்வினாவைப் புதிதாக எழுப்பியுள்ளன. அவற்றைப் புரிந்துகொள்ள 1968இன் அறையிலிருந்து தொடங்குவது பொருத்தம்.

செப்பேட்டுக் காட்சியை முதலில் எடுத்துக்கொள்வோம். சமூக மரபு அச்செப்பேட்டுக்குக் கி.பி. 379 என ஆண்டு குறிக்கிறது. எழுத்தமைதியையும் அரசன் பெயரையும் கொண்டு கல்வெட்டறிஞர் அதனைக் கி.பி. 1000ஐ ஒட்டியதாகக் கொள்வர். சேரமான் பாஸ்கர ரவி வர்மன் முயிரிக்கோட்டில் இருந்து இசுப்பு இரப்பானுக்கு, அதாவது யோசேப்பு ரப்பானுக்கு, அஞ்சுவண்ணத்தையும் எழுபத்திரண்டு உரிமைகளையும் வழங்கிய ஆவணம் அது. வட்டெழுத்தில் கிரந்தம் கலந்து பொறிக்கப்பெற்றது. பகல்விளக்கு, பாவாடை, அந்தோளம், குடை, வடுகப்பறை, காளம், தோரணம் என அது எண்ணும் உரிமைகள் இடைக்காலத் தமிழ்க் கல்வெட்டு படித்தவர்க்கு அயலானவை அல்ல. இங்குப் பாவாடை என்பது நடந்து செல்வோர்க்கு நிலத்தில் விரிக்கும் துணி. அந்தோளம் பல்லக்கு வகை. மலையாளம் தமிழிலிருந்து தனித்து வளர்ந்துகொண்டிருந்த காலத்தின் மொழி அது. மலையாள மொழி வரலாற்றினரும் தமிழ் மொழி வரலாற்றினரும் அதனைத் தத்தம் சான்றாகக் காட்டுவதில் வியப்பில்லை.

அஞ்சுவண்ணம் என்பதும் ஒற்றைப் பொருளில் நிற்கும் சொல்லன்று. முற்காலத்தில் அதனை யூதர் குடியிருப்பு என்றே பலர் கொண்டனர். பிற்கால ஆய்வுகள், குறிப்பாக ஒய். சுப்பராயலு அவர்களின் ஆய்வு, அது மேற்காசிய வணிகர் பலரை உள்ளடக்கிய கடல்வணிகக் குழு எனக் காட்டுகின்றன. கி.பி. 849ஆம் ஆண்டைச் சேர்ந்த கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேட்டிலும் அஞ்சுவண்ணம் வருகிறது. அதன் சாட்சிகள் அரபு, பாரசீகப் பகலவி, எபிரேய எழுத்திலமைந்த பாரசீகம் ஆகிய மூவகையில் ஒப்பமிட்டுள்ளனர். ஒரே ஏட்டில் இத்தனை எழுத்துகள் கூடிய துறைமுக உலகத்தில் யூதர் பிறரோடு சேர்ந்தே இயங்கினர். 1968இன் ஓவியத்திலோ, அரசன் ஒருவன், யூதத் தலைவன் ஒருவன், இடையில் ஓர் ஏடு என்ற அளவில் வரலாறு சுருங்கிவிடுகிறது. விழாவுக்கான ஓவியம் அவ்வாறு சுருக்குவது இயல்பே. ஆயினும் பார்வையாளர் கொண்டுசெல்வது அச்சுருக்கத்தையே.

சாலமோன் காட்சியிலும் ஒரு மொழியியல் செய்தி பொதிந்திருக்கிறது. எபிரேய மறைநூலில் சாலமோனுக்குக் கப்பல்கள் கொண்டுவந்த பொருள்களுள் ‘துக்கி’ என்பது மயிலைக் குறிப்பதாகப் பலர் கொள்வர். அதனைத் தமிழின் ‘தோகை’யோடு கால்டுவெல் உள்ளிட்டோர் இணைத்துப் பேசினர். விவாதம் முற்றாக முடிந்துவிடவில்லை. ஒரு சொல்லொப்புமையிலிருந்து மக்கள் குடியேற்றத்தை நிறுவ முடியாது என்பது மட்டும் உறுதி. அகநானூற்றின் 149ஆம் பாடல் முசிறிக்கு யவனர் கலம் வந்ததைச் சொல்கிறது. அதிலிருந்தும் யூதர் வருகையைப் பெற இயலாது. வணிகத்துக்குச் சான்று உண்டு, குடியேற்றத்துக்கு மரபு உண்டு. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியைத் தூரிகை எளிதில் நிரப்பிவிடுகிறது.

இனி, அந்த அறையில் இடம்பெறாதவர்களைக் காண்போம்.

‘பரதேசி’ என்ற சொல்லைத் தமிழர் இன்று கேட்டவுடன் வறியவரை, கதியற்றுத் திரிபவரைக் கருதுவர். கொச்சியில் அச்சொல் அதன் நேர்ப்பொருளில், வேற்றுத் தேசத்தவர் என வழங்கியது. பதினாறாம் நூற்றாண்டு முதல் ஐபீரியத் தீபகற்பத்திலிருந்தும் மேற்காசியாவிலிருந்தும் வந்தவர்களின் வழியினரே பரதேசியர். அவர்களுக்கு முன்பே பல நூற்றாண்டுகளாக இங்கு வாழ்ந்த மலபாரி யூதரே எண்ணிக்கையில் மிகப் பெரும்பான்மையர். ஐரோப்பியர் எழுத்துகள் முன்னவரை வெள்ளை யூதர் என்றும் பின்னவரைக் கறுப்பு யூதர் என்றும் வகுத்தன. அவ்வழக்கு இன்றும் வழிகாட்டிகளின் வாயில் நிலைத்துள்ளது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கேரளத்தில் ஏறத்தாழ 2,500 யூதர் இருந்தனர். அவர்களுக்கு எட்டுப் பள்ளிகள் இருந்தன: மட்டாஞ்சேரியில் மூன்று, எர்ணாகுளத்தில் இரண்டு, சேந்தமங்கலம், பறவூர், மாளை ஆகிய ஊர்களில் ஒவ்வொன்று. எட்டில் ஒன்றே பரதேசியருடையது. அந்த ஒன்றின் நானூறாம் ஆண்டே அனைவரின் வரலாறாகத் தீட்டப்பெற்றது.

பரதேசிப் பள்ளிக்குள்ளேயே மற்றொரு பிரிவும் இருந்தது. விடுவிக்கப்பெற்ற அடிமைகளின் வழியினர் எனக் கருதப்பட்டோர்க்கு அங்கே சம உரிமை இல்லை. இருக்கையில் அமராமல் முன்கூடத்தில் தரையில் அமரவேண்டும் என்பது வழக்கம். சென்னையில் சட்டம் பயின்ற ஆபிரகாம் பராக் சாலேம் (1882–1967) இதனை எதிர்த்துப் பள்ளிக்குள்ளேயே சத்தியாக்கிரகம் செய்தார். ‘யூத காந்தி’ என அவரை மக்கள் அழைத்தனர். அவர் மறைந்த மறு ஆண்டில் நானூறாம் ஆண்டு விழா நடந்தது. வருகையையும் அழிவையும் ஆதரவையும் சொல்லும் ஓவிய வரிசையில், சமூகத்துக்குள் நிகழ்ந்த அப்போராட்டத்துக்கு இடம் கிட்டவில்லை. வெளியிலிருந்து வந்த துன்பம் நினைவாயிற்று. உள்ளே இழைக்கப்பட்டது நினைவாகவில்லை. சாதியைப் பற்றி எழுதும் நமக்கு இம்முறை மிகவும் பழக்கமானது.

பெண்களும் அவ்வாறே. கொச்சி யூதப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக மலையாளத்தில் பாடல்களைப் பாடியும், கையேடுகளில் பெயர்த்தெழுதியும் காத்து வந்தனர். திருமணம், பள்ளித் திறப்பு, மறைநூல் கதை, விழா என அவற்றின் பொருள் விரியும். வேறு பல யூதச் சமூகங்களில் ஆடவர் முன் பெண் பாடுவதற்குத் தடை உண்டு. கேரளத்தில் அத்தடை செல்லவில்லை. மலபாரியர், பரதேசியர் என்ற பிரிவைக் கடந்து எல்லாரிடமும் இப்பாடல்கள் வழங்கின என்பது கருதத்தக்கது. ஒரே பள்ளியில் ஒன்றாக அமராதவர்கள் ஒரே பாடலைப் பாடினர். பி. எம். ஜுஸ்ஸே, ஸ்கரியா சக்கரியா, பார்பரா ஜான்சன், ஒஃபீரா கம்லியேல் ஆகியோரின் உழைப்பால் இப்பாடல்கள் திரட்டப்பெற்றுப் பதிப்பும் ஒலிப்பதிவும் கண்டன. ஜூ டவுனில் பிறந்து 1950களின் தொடக்கத்தில் இஸ்ரேல் சென்ற ரூபி டேனியல் (1912–2002) பல பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்த்தார். 1995இல் வெளிவந்த அவருடைய நினைவு நூல், அத்தெருவின் வாழ்க்கையை ஒரு பெண்ணின் குரலில் சொல்லும் அரிய ஆவணம்.

இவ்விடத்தில் மொழியியல் மாணவர்க்கு ஓர் எடுத்துக்காட்டு. யூத மலையாளத்தில் ஒருவர் இறந்துபோனதைக் குறிக்க ‘சாலோம் ஆயி’ என்பர். அமைதியைக் குறிக்கும் எபிரேயப் பெயர்ச்சொல்லோடு திராவிட வினையான ‘ஆகு’ சேர்ந்து ஒரு கூட்டுவினையாகிறது. ‘பாஸ் ஆனான்’, ‘ரிலீஸ் ஆனது’ என நாம் அன்றாடம் வழங்கும் அதே இலக்கண வாய்பாடுதான். நேரடியாகச் ‘செத்தார்’ எனச் சொல்லாமல் ‘இயற்கை எய்தினார்’ என்னும் நம் மங்கல வழக்கும் இதனோடு ஒப்பு நோக்கத்தக்கது. சொல் எருசலேமுடையது, அதைக் கட்டிய முறையும் சொல்லாமல் சொல்லும் நாகரிகமும் இம்மண்ணுடையவை. கொச்சி யூதர் யார் என்ற கேள்விக்கு இந்த இரு சொல் தரும் விடையைப் பத்து ஓவியங்களும் சேர்ந்து தரவில்லை என்றே கருதுகிறேன். ஓவியங்கள் அவர்களை வந்தவர்களாகக் காட்டுகின்றன. மொழியோ அவர்கள் இங்கேயே உருவானவர்கள் என்கிறது.

இந்த இடைவெளியில்தான் இன்றைய கலப்பு ஊடகக் கலை வந்து சேர்கிறது. 2012இல் தொடங்கிய கொச்சி-முசிறிஸ் பினாலே, காணாமற்போன ஒரு துறைமுகத்தின் பெயரையே தன் பெயரில் ஏற்றது. அதன் முதற் பதிப்பில் விவான் சுந்தரம் (1943–2023) ‘கறுப்புப் பொன்’ என்னும் படைப்பை அமைத்தார். பட்டணம் அகழாய்வில் 2007 முதல் கிடைத்துவந்த எண்ணற்ற பானையோடுகளுள், ஆய்வுக்கு வேண்டாமென ஒதுக்கப்பட்டவற்றைக் கொண்டு ஒரு நகரத்தைத் தரையில் பரப்பினார். மிளகும் நீரும் அதன் ஊடகங்களாயின. ஓவியராகத் தொடங்கியவர் அவர். முசிறியைத் திரையில் வரைந்து காட்டியிருந்தால் அது மற்றொரு கற்பனைக் காட்சியாகவே இருந்திருக்கும். ஒதுக்கப்பட்ட ஓடுகளையே வைத்ததால், தொல்லியல் எதை எண்ணுகிறது, எதைத் தள்ளுகிறது என்ற கேள்வியும் கூடவே வந்தது.

2014ஆம் ஆண்டுப் பதிப்பில் பெனிதா பெர்சியாள் பங்கேற்றார். 1978இல் திருவண்ணாமலையில் பிறந்து, சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில் பயின்று, சென்னையில் வாழும் கலைஞர். ஓவியமும் அச்சுக்கலையும் அவருடைய தொடக்கம். ஃபோர்ட் கொச்சி பெப்பர் ஹவுஸில் அவர் அமைத்த ‘நம்பிக்கையின் நெருப்புகள்’ என்னும் படைப்பில் சாம்பிராணி, வெள்ளைப்போளம், மரப்பட்டைத் தூள், நறுமணப் பொருள்கள் ஆகியவற்றால் வார்க்கப்பெற்ற திருவுருவங்கள் இருந்தன. தோமையர் முசிறிக்கு வந்தார் என்னும் மரபை ஒட்டிய படைப்பு அது. யூதரைப் பற்றியதன்று. ஆயினும் நம் வினாவுக்கு அது நேரடியாகத் தொடர்புடையது. தோமையர் வந்தது வரலாறா, மரபா என்ற வழக்கை அது தீர்க்க முற்படவில்லை. அறைக்குள் நுழைபவரின் மூக்குக்கு முதலில் மணம் எட்டுகிறது. கண் பின்னரே உருவத்தைத் தேடுகிறது. மிளகும் ஏலமும் சுக்கும் மூட்டைகளாக அடுக்கப்பெற்ற பஜார் சாலை வழியே ஜூ டவுனுக்கு நடந்தவர்க்கு, அம்மணம் வணிகத்தின் மணமாகவும் வழிபாட்டின் மணமாகவும் ஒருங்கே படும். சமயங்கள் இக்கரையை அடைந்தது வணிகத்தின் வழியே என்பதை ஒரு சொல்லும் இன்றி உணர்த்தும் முறை அது. சாம்பிராணி காலத்தால் மாறும். கடற்கரை ஈரம் அதனைத் தாக்கும். நினைவு அழியாதது என்று பாசாங்கு செய்யாத ஊடகம் அது.

கலப்பு ஊடகம் என்பது கண்ணைக் கவரும் புதுமைக்காக மட்டும் தேர்ந்தெடுக்கப்படுவதன்று என்பதை இவ்விரு படைப்புகளும் காட்டுகின்றன. சட்டமிட்ட ஓவியம் ‘இவ்வாறு நடந்தது’ என்று சொல்லும். ஓடும் பிசினும் ‘இது எஞ்சியது’ என்று மட்டுமே சொல்ல முடியும். வரலாற்று முறையியலில் நாம் விவரிப்பு என்றும் சான்று என்றும் பிரிப்பதை, கலை தன் பொருள்களின் தேர்வால் பிரித்துக் காட்டுகிறது.

யூதரிடமே திரும்புவோம். 2018 டிசம்பரில் தொடங்கிய பினாலேக் காலத்தில், மெய்தாத் எலியாகு, தௌபீக் சக்கரியா ஆகிய இருவரின் ‘சிவப்புக் கிரீடம், பச்சைக்கிளி’ என்னும் காட்சி மட்டாஞ்சேரியில் நடைபெற்றது. எலியாகு எருசலேமில் வாழும் ஓவியர். மலபாரி யூதர் வழியினர். மலபாரியரின் இடப்பெயர்வை ‘ஆவணப் பெட்டி’ என்னும் படைப்புத் திட்டத்திலும் பொருளாக எடுத்தவர். தௌபீக் கொச்சியைச் சேர்ந்த இஸ்லாமியர். எபிரேய எழுத்தைத் தானே பயின்று எழுத்தணிக் கலைஞரானவர். மலபார் யூதர் வரலாற்றைப் பல்லாண்டுகளாக ஆவணப்படுத்தி வருபவர். பரதேசிப் பள்ளியின் வரலாறே ஊரின் வரலாறாக வழங்கிவந்த ஜூ டவுனில், மலபாரியரின் பேரப்பிள்ளை ஒருவர் தூரிகையோடு திரும்பி வந்தார் என்பதே இதன் முதன்மை.

தலைப்பிலுள்ள கிளி, பெண்களின் பாடல்களில் வரும் கிளியை நினைவூட்டுகிறது. அப்பாடல்களின் ஒலிப்பதிவு ஒன்றும் 2004இல் கிளியின் பெயராலேயே வெளியிடப்பட்டது. கிளியை விளித்துப் பாடுதலும் தூதுவிடுதலும் தமிழ், மலையாள மரபுகள் இரண்டுக்கும் பொதுச் சொத்து; எழுத்தச்சனின் கிளிப்பாட்டை அறியாத மலையாளி இல்லை. செப்பேட்டையும் அரசனையும் மையமாக்கிய 1968இன் நினைவுக்கு மாறாக, கையேட்டிலும் வாய்ப்பாட்டிலும் வாழ்ந்த நினைவை ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் வந்த ஓவியர் தலைப்பிலேயே எடுத்துக்கொண்டார் என்று இதனைப் படிக்க இடமுண்டு.

இரண்டையும் எதிரெதிராக நிறுத்திவிடுவதும் நியாயமன்று. 1968இல் யூதரின் கதையைத் தீட்டியவர் யூதரல்லாத ஓவியர். 2018இல் எபிரேய எழுத்தை வரைந்தவர் இஸ்லாமியர். இரு காலத்திலும் இவ்வூரின் நினைவு அயலாரின் கையாலும் உருவாயிற்று. அதுபோலவே, குடும்பங்கள் பெரும்பாலும் 1950களிலேயே வெளியேறிவிட்ட நிலையில், எஞ்சியோர் தம் கதையை உறுதியாகச் சொல்ல விரும்பியதில் குறைகாண நமக்கு உரிமை குறைவு. நம் கடமை, அந்த உறுதியை ஆய்வு முடிவாக எடுத்துக்கொள்ளாமல் இருப்பது மட்டுமே.

இன்றைய கலையிலும் ஓர் ஆபத்து உண்டு. பினாலேக்கு வருவோர் பூட்டிய வீட்டையும் மங்கிய சுவரையும் அழகாகக் காணப் பழகிவிட்டனர். இழப்பு ரசனைக்குரியதாகும்போது, இழந்தவர் யார், ஏன் இழந்தார் என்ற கேள்விகள் மங்குகின்றன. 2019 ஆகஸ்ட் 30 அன்று, ஜூ டவுனில் பூத்தையல் கடை நடத்திய சாரா கோகன் தம் 96ஆம் வயதில் காலமானார். அதை ஒட்டி வந்த எழுத்துகளில் ‘கடைசி’ என்ற சொல் மீண்டும் மீண்டும் வந்தது. அடுத்த மாதமே, அத்தெருவின் தென்கோடியிலுள்ள மலபாரியரின் கடவும்பாகம் பள்ளியின் முன்பகுதி மழையில் இடிந்து விழுந்தது. அப்பள்ளியின் மரவேலைப்பாடு கொண்ட உட்பகுதி 1990களிலேயே எருசலேமிலுள்ள இஸ்ரேல் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டுவிட்டது. மட்டாஞ்சேரித் தெக்கும்பாகம் பள்ளி இன்று இல்லவே இல்லை. தெருவில் மூன்று பள்ளிகள் இருந்தன என்பதைச் சீன ஓடு பதித்த ஒன்றை மட்டும் பார்த்துத் திரும்பும் பயணி அறிவதில்லை.

‘கடைசி யூதர்’ என்ற தொடர் வரலாற்றை ஒரு முதியவரின் மரணத்தோடு முடித்துவிடுகிறது. உண்மையில் கேரள யூதரின் வழியினர் நெவாத்திம், மெசிலாத் சியோன் முதலிய இஸ்ரேலிய ஊர்களில் ஆயிரக்கணக்கில் வாழ்கின்றனர். முடிந்துகொண்டிருப்பது அவர்களின் மலையாளம். அதனைத் தாய்மொழியாகப் பேசியோர் இன்று முதுமையில் உள்ளனர். அடுத்த தலைமுறையின் மொழி எபிரேயம். ஓவியம் நாளையும் தீட்டப்படலாம். ஒரு கிளைமொழியின் ஒலிப்பும் சொல்வழக்கும் பேசுவோர் இருக்கும்வரைதான் பதிவு செய்யக்கூடியவை.

எனவே நம் துறை மாணவர்க்கு இரு பணிகள் உள்ளன. யூதச் செப்பேட்டை வட்டெழுத்துப் பயிற்சிக்காகப் படிப்போர், அதே சமூகத்துப் பெண்களின் பாடற்பதிப்புகளையும் உடன்வைத்துப் படிக்கலாம். ஆயிரம் ஆண்டு இடைவெளியில் எவ்வுருபுகள் நின்றன, எவை மாறின என்ற ஒப்பாய்வுக்கு அங்கே நிறைய இடமுண்டு; தமிழறிந்தவர்க்கு அதில் தனிச் சிறப்பான தகுதியும் உண்டு. கலைவரலாறு பயில்வோர், 1968இன் பத்து ஓவியங்களைச் சுற்றுலாப் பின்னணியாகக் கடந்துவிடாமல், யார் வேண்டினர், எந்த மூலங்களைக் கொண்டு தீட்டப்பெற்றன, எவை விடப்பட்டன என்று தனியே ஆராயலாம். அவற்றின் எதிரில் 2012, 2014, 2018ஆம் ஆண்டுகளின் படைப்புகளை வைத்தால், நினைவு எவ்வாறு ஊடகத்துக்கு ஊடகம் ஆள் மாறுகிறது என்பது தெளிவாகும்.

இவற்றில் ஏதேனும் ஒன்றில் ஏற்கெனவே பணியாற்றுவோர் பின்னூட்டத்தில் தெரிவித்தால் மகிழ்வேன். பாடல்களின் மொழியைத் தமிழோடு ஒப்பிட்டுப் படிக்க ஒரு சிறு வாசிப்புக் குழு அமைக்கும் எண்ணமும் உண்டு.